பதினான்கு குழந்தைகளும் ஒரு வருமான வரிக் கோப்பும்

எதிர்வீட்டில் குடியிருக்கும் பெண் பகல் நேரத்தில் பிறர் குழந்தைகளை வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். போன மாதம் ஒரு நாள் தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள். "ஆன்ட்டீ, நீங்க இன்கம்டாக்ஸ்ல அல்லே இருந்தது? வீட்டுல இருந்து பிள்ளைங்களைப் பாக்கற பைசாவுக்கும் டாக்ஸ் உண்டோ?" என்று மலையாளம் கலந்த தமிழில் கேட்டாள். உண்டு என்றேன். எதையெல்லாம் செலவாகக் கழிக்கலாம் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன். "இதையெல்லாமா கழிக்க விடுவாங்க?" என்று ஆச்சரியப்பட்டாள். விடுவார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும் என்று அவளிடம் சொல்ல நேரமில்லை. அவள் வீட்டில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நாடு சுதந்திரம் அடைந்த மறு வருஷம் நான் வேலையில் சேர்ந்தேன். ஊர் நாகர்கோவில் பக்கம். இன்டர்மீடியட் முடித்து, டைப்பும் சுருக்கெழுத்தும் பாஸ் பண்ணியிருந்தேன். திருவிதாங்கூர் சர்க்காரின் தலைநகர வருமான வரி ஆபீசில் கிளார்க் வேலை கிடைத்தது. இரண்டு வருஷத்தில் எங்கள் இலாகாவை டெல்லி சர்க்கார் எடுத்துக்கொண்டது. மேஜை மாறவில்லை, நாற்காலி மாறவில்லை, சட்டப் புத்தகம் மட்டும் மாறிவிட்டது. கூடவே மதராஸிலிருந்து ஒரு புது ஆபீசரும் வந்து சேர்ந்தார். அவர் பெயர் வரதன்.

வரதன் சாரை ஆபீசில் யாருக்கும் பிடிக்காது. கோபக்காரர் என்பதால் அல்ல, அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அவசரம் என்பதே அவரிடம் கிடையாது, அதுதான் காரணம். வரி கட்ட வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் உட்காரச் சொல்வார். அவர் உட்காரும்வரை கோப்பைத் திறக்கமாட்டார். சாலை பஜார் மொத்த வியாபாரிக்கும் அதே நாற்காலிதான், கருவாட்டுக் கமிஷன் ஏஜெண்டுக்கும் அதே நாற்காலிதான். கணக்குப் பார்ப்பதெல்லாம் பென்சிலால். தாம் போட்ட கூட்டலை மறுபடி கீழிருந்து மேலே கூட்டிப் பார்ப்பார். இரண்டும் ஒத்துவந்த பிறகுதான் பேனாவைத் திறப்பார். கேட்காத தள்ளுபடியையும் தாமே எடுத்துச் சொல்லி, "இது உங்களுக்கு உண்டு, ஏன் கேக்கலை?" என்பார். வந்தவர்கள் அதை ஏதோ பொறி என்று நினைத்து இன்னும் பயப்படுவார்கள்.

எனக்குக் கல்யாணம் ஆகி உமா பிறந்த சமயம் அது. என் கணவர் மராமத்து இலாகாவில் ஓவர்சீயர். பொன்முடி போகும் வழியில் கல்லாற்றுப் பக்கம் ரோடு வேலை. அங்கேயே கொட்டகையில் தங்கி, சனிக்கிழமை பஸ்ஸில் வந்து திங்கட்கிழமை விடியும் முன்னே போய்விடுவார். ஊரில் என் மாமனார் பக்கவாதத்தில் படுத்திருந்தார், அதனால் மாமியார் வர வழியில்லை. பிரசவ லீவு முடிந்த அன்று, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வேலையை விட்டுவிடுவதா என்று நான் நின்றபோது, பக்கத்து வீட்டு நர்ஸ் ஒருத்தி, "நேசம்மாள்ட்ட கொண்டு விடு" என்றாள்.

தம்பானூரில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் நேசம்மாளின் வாடகை வீடு. அவளும் எங்கள் பக்கத்துக்காரிதான், விளவங்கோட்டுக் கிறிஸ்தவக் குடும்பம். கணவர் இறந்து பல வருஷம், படிக்கிற பையன்கள் இருவர். முன்பு ஒரு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு ஆயாவாக இருந்தவள். அங்கிருந்த நர்ஸ் ஒருத்தி, நைட் டியூட்டி அன்று குழந்தையை விட இடமில்லாமல் இவளிடம் விட்டாள். அப்புறம் இன்னொருத்தி விட்டாள். கொஞ்ச காலத்தில் வார்டு வேலையை விட்டுவிட்டு இதையே பார்க்க ஆரம்பித்தாள். நான் போனபோது பதினான்கு குழந்தைகள், ஒத்தாசைக்கு ஒரு பெண்.

அந்த வீட்டில் என்னை முதலில் நிறுத்தியது ஒரு நோட்டுப் புத்தகம். வார்டில் நோயாளிக்குச் சார்ட் எழுதுவதைப் பார்த்துப் பழகியவள் அல்லவா, தன்னிடம் வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் தினம் ஒரு வரி எழுதுவாள். எத்தனை மணிக்கு எத்தனை அவுன்ஸ் பால், கஞ்சி எத்தனை கரண்டி, எவ்வளவு நேரம் தூங்கிற்று, வயிறு போயிற்றா, காய்ச்சல் உண்டா, எல்லாம் அதில் இருக்கும். சாயங்காலம் தாய்மார் வந்ததும் குழந்தையை ஒரு கையிலும் நோட்டை மறு கையிலும் தருவாள். "உமா. பத்து மணி, நாலு அவுன்ஸ். பாதி துப்பிட்டா. கஞ்சி மூணு கரண்டி. சுவரைப் பிடிச்சு நின்னா." என் மகள் முதல்முறை எழுந்து நின்றதை நான் அந்த நோட்டில்தான் படித்தேன். வாசலில் நின்று நாலு தடவை படித்தேன்.

இப்படி ஒரு வருஷம் போயிற்று. அப்போது ஆபீசுக்கு ஒரு அச்சகக்காரரின் ரிட்டர்ன் வந்தது. கணவன் மனைவி இருவருமே அச்சகத்தில் வேலை செய்பவர்கள், மனைவிதான் புரூஃப் பார்ப்பது. செலவுப் பட்டியலில் பேப்பர், மை, கூலி என்று எழுதிவிட்டு, அடியில் 'குழந்தையைப் பார்த்துக்கொள்ள, மாதம் முப்பது ரூபாய்' என்று ஒரு வரி. கொடுத்த ஆளின் பெயரும் விலாசமும் ஒழுங்காக எழுதியிருந்தார். நேசம்மாள், தம்பானூர்.

அது சொந்தச் செலவு, தொழில் செலவு அல்ல என்று வரதன் சார் அந்த வரியை அடித்துவிட்டார். ஆனால் ஒருவர் கோப்பில் இன்னொருவருக்குப் பணம் போனதாகத் தெரிந்தால், வாங்கியவர் பெயரைத் தனிச் சீட்டில் எழுதி இன்ஸ்பெக்டருக்கு அனுப்ப வேண்டும். அது என் வேலை. எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். சீட்டை டிரேயில் வைத்தேன்.

அப்போதே எழுந்து போய், "சார், என் குழந்தையும் அங்கேதான் இருக்கு" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் என்னைச் சந்தேகப்படுவார்களோ, குழந்தையை அங்கே விடக் கூடாது என்பார்களோ என்று பயம். நேசம்மாளிடமும் சொல்லவில்லை. ஆபீசில் பார்த்ததை வெளியே பேசமாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். பத்து நாள் காலையிலும் மாலையிலும் அவள் முகத்தைப் பார்த்தபடி குழந்தையைக் கொடுத்து வாங்கினேன்.

பதினோராம் நாள் இன்ஸ்பெக்டர் அங்கே போனார். கெட்டவர் அல்ல. எண்ணச் சொன்னால் எண்ணுவார், அவ்வளவுதான். தொட்டில் ஆறு, பாய் எட்டு, குழந்தைகள் பதினான்கு என்று எண்ணினார். ஒவ்வொரு குழந்தைக்கும் தகப்பன் யார், தாய் யார் என்று பெயர் குறித்துக்கொண்டார். பதினான்கை முப்பதால் பெருக்கினார், அதைப் பன்னிரண்டால் பெருக்கினார். வரி வரம்பைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. தொழில் என்ற இடத்தில் 'ஆயா' என்று எழுதினார்.

மறுநாள் காலை நான் உமாவோடு போனபோது நேசம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். எப்போதும் கையை நீட்டிக்கொண்டு வருகிறவள், அன்று நீட்டவில்லை.

"பகவதி, நேத்து உங்க ஆபீஸ்ல இருந்து ஆள் வந்து பிள்ளேளை எண்ணிட்டுப் போனாரு. உனக்கு முன்னமே தெரியுமா?"

பொய் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

"தெரியும்க்கா. சீட்டு எழுதினதே நான்தான்."

உள்ளே யாரோ ஒரு குழந்தை தகரக் குவளையைத் தட்டிக்கொண்டிருந்தது. திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"பிள்ளைய இஞ்ச தா" என்றாள் கடைசியில். "உனக்கு நேரமாச்சில்லா."

உமாவை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு வெகுகாலம் அவள் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சாயங்காலம் குழந்தையையும் நோட்டையும் தருவாள், திரும்பிப் போய்விடுவாள். ஆனால் நோட்டில் உமாவின் வரி ஒரு நாளும் குறையவில்லை. அந்த முதல் நாளே, "மூணு கரண்டி கேட்டு வாங்கித் தின்னா. நெத்தியில கொசுக்கடி, தேங்காயெண்ணெய் போட்டேன்" என்று எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டுச் சந்து முனைவரை அழுதுகொண்டே நடந்தேன்.

இன்ஸ்பெக்டரின் ரிப்போர்ட் ஆபீசருக்குப் போனது. தாய்மார் பட்டியலில் ஒன்பதாவது பெயர் என்னுடையது. வரதன் சார் கூப்பிட்டார். "உக்காருங்கோ" என்றார். மூன்று வருஷத்தில் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தது அன்றுதான்.

"சீட்டு எழுதின அன்னிக்கே இதை எங்கிட்ட சொல்லியிருக்கணும்."

"ஆமாம் சார்."

"ஏன் சொல்லலை?"

"குழந்தையை விட எனக்கு வேற இடம் இல்லை சார். பயந்துட்டேன்."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "சீட்டை எழுதாம விட்டிருக்கலாம். அது உங்களுக்கு சுலபம். விடலை. அதையும் நான் பார்த்துண்டுதான் இருக்கேன்" என்றார். பிறகு என்னிடம் வாக்குமூலம் வாங்கினார். மற்ற தாய்மாரிடம் கேட்ட அதே கேள்விகள்தான். மாதம் எவ்வளவு கொடுக்கிறீர்கள்? இருபது ரூபாய். எல்லோரும் அவ்வளவுதானா? இல்லை சார், டாக்டர் வீட்டுக் குழந்தைக்கும் அச்சகக்காரர் குழந்தைக்கும் முப்பது, நர்ஸ்களுக்குப் பதினைந்து, இருபது. வார்டு கூட்டுகிற ஒருத்தியின் இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒன்றும் கிடையாது. நான் சொல்லச் சொல்ல, இன்ஸ்பெக்டர் போட்ட பெருக்கலைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டார்.

ஆனால் இதற்குள் சந்தில் கதை வேறு மாதிரி பரவிவிட்டது. அந்த வீட்டில் சர்க்கார் சோதனை, குழந்தை விட்டால் நம் பெயரும் எழுதப்படும் என்று பேச்சு. ஒரே வாரத்தில் ஐந்து குழந்தைகள் நின்றுவிட்டன. டாக்டர் வீட்டுக் குழந்தைதான் முதலில் நின்றது. வீட்டுக்காரர் வந்து, இவ்வளவு சம்பாதிக்கிறவள் வாடகையைக் கூட்டிக் கொடு என்றாராம். இதெல்லாம் ஒத்தாசைக்கு இருந்த பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

விசாரணைக்கு நேசம்மாள் தனியாக வரவில்லை. இடுப்பில் ஒன்று, கையில் பிடித்து ஒன்று என இரண்டு குழந்தைகளோடு வந்தாள். அம்மாக்கள் இருவருக்கும் பகல் டியூட்டி, மற்றவர்களை ஒத்தாசைப் பெண்ணிடம் விட்டிருந்தாள். பியூன் குழந்தைகளை உள்ளே விடலாமா என்று திகைத்தான். வரதன் சார் எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் சுருக்கெழுத்து நோட்டோடு ஓரத்தில் உட்கார்ந்தேன். நேசம்மாள் என் பக்கம் திரும்பவில்லை.

"கணக்கு ஏதாவது வெச்சிருக்கேளா?"

"கணக்கு ஒண்ணும் இல்லெ சாரே. மாசம் பொறந்தா தருவாவ. அரி வாங்குவேன், பால்காரிக்குக் கொடுப்பேன், வாடகை கொடுப்பேன். மீதி பையம்மாரு ஃபீசுக்கு."

"பாலுக்கு எவ்வளவு ஆகும்?"

"அது பிள்ளேளு குடிக்கிறதைப் பொறுத்தாக்கும். பல்லு மொளைக்கிற பிள்ளை குடிக்காது."

"சும்மா சொன்னா நான் எழுதிக்க முடியாதும்மா. ஏதாவது காயிதம் வேணும்."

"காயிதம் இல்லெ சாரே." அவள் குரல் முதல்முறையாக இறங்கியது. "நான் கட்டணும்னா கட்டுதேன். எவ்வளவுன்னு சொல்லுங்க. பிள்ளேளை வெச்சுப் பாக்கது தப்புன்னு மட்டும் எழுதிராதீங்க. வீட்டுக்காரன் இறக்கி விட்டிருவான்."

இடுப்பிலிருந்து இறங்கிய குழந்தை மேஜைக்கடியில் தவழ்ந்து வந்து கோப்பின் சிவப்பு நாடாவைப் பிடித்து இழுத்தது. வரதன் சார் நாடாவை விடுவிக்கவில்லை. மைக்கூட்டை மட்டும் எட்டாத இடத்துக்கு நகர்த்தினார்.

விசாரணை நடக்கும்போது கிளார்க் வாய் திறக்கக் கூடாது. எனக்கு அது நன்றாகத் தெரியும்.

"நோட்டு இருக்கு, சார்" என்றேன்.

இருவரும் திரும்பினார்கள். நேசம்மாள் அத்தனை நாளுக்குப் பிறகு அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தன் துணிப்பையைத் திறந்தாள். ஒரு குழந்தைக்குப் பன்னிரண்டு மணிக்கு மருந்து, அதற்காக நோட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

"இது கணக்கில்ல சாரே. பிள்ளேளு தின்னது, உறங்கினது."

வரதன் சார் வாங்கிப் பிரித்தார். முதல் பக்கத்தைப் படித்தார். அப்புறம் அடுத்த பக்கம். அரை மணி நேரம் படித்துக்கொண்டே போனார். நடுவில் ஒரு தடவை, "சசி யாரு?" என்று கேட்டார். நேசம்மாள் மேஜைக்கடியைக் காட்டினாள். "பன்னண்டு மணிக்கு இவனுக்கு மருந்து போட்டிருக்கு. மணி பன்னண்டு ஆயிடுத்தே" என்றார். அவள் அவசரமாகக் குழந்தையைத் தூக்கி, பாட்டிலைத் திறந்து மருந்து கொடுத்தாள்.

"இந்த மாதிரி பழைய நோட்டு இருக்கா?"

"டிரங்குப் பெட்டியில ஒரு கட்டு கிடக்கு."

"கொண்டு வாங்கோ. எல்லாத்தையும்."

கட்டு வந்தது. நான் கூட்டித் தருகிறேன் என்று கேட்டேன். "கூடாது. உங்க குழந்தையும் இதிலே இருக்கு" என்று சொல்லிவிட்டு அவரே உட்கார்ந்தார். மூன்று நாள் மத்தியானம், மற்ற கோப்புகளை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரு வருஷத்து அவுன்ஸை எல்லாம் படிகளாக மாற்றினார். கஞ்சிக் கரண்டிகளை அரிசியாக மாற்ற, நேசம்மாளின் கரண்டியை வரவழைத்து அளந்து பார்த்தார். நாங்களெல்லாம் எங்கள் இடத்தில் இருந்தபடி சிரிப்பை அடக்கிக்கொண்டோம். பால்காரியைக் கூப்பிட்டு விலை கேட்டார். எந்த நாள் எத்தனை குழந்தை வந்தது என்று நோட்டிலேயே இருந்ததால் வரவும் சரியாகத் தெரிந்தது. வாடகையில் முக்கால் பங்கு, ஒத்தாசைப் பெண்ணின் சம்பளம், விறகு, சோப்பு, தேங்காயெண்ணெய் என்று ஒன்றும் விடவில்லை. மேலிருந்து கீழே கூட்டினார். கீழிருந்து மேலே கூட்டினார். ஒத்துவந்தது. வருமானம் வரம்புக்கு வெகு கீழே. வரி இல்லை.

சாதாரணமாக அப்படிப்பட்ட கோப்பில் இரண்டு வரி எழுதி மூடிவிடுவார்கள். அவர் மூன்று பக்கம் எழுதினார். நான்தான் டைப் அடித்தேன். 'ஆயா' என்று இன்ஸ்பெக்டர் எழுதியதை அடித்துவிட்டு, குழந்தைகளைப் பராமரிக்கும் தொழில் என்று எழுதியிருந்தார். அந்தத் தொழில் சட்டப்படியானது, அதன் கணக்கைப் பார்த்தாயிற்று, வரி பாக்கி ஏதும் இல்லை என்றும் எழுதியிருந்தார். நேசம்மாளிடம் நகலைக் கொடுத்து, "யாராவது ஏதாவது சொன்னா இதைக் காட்டுங்கோ" என்றார். அவள் வீட்டுக்காரரிடம் காட்டினாள். தாய்மாரிடமும் காட்டினாள். போன ஐவரில் மூவர் திரும்பி வந்தார்கள். டாக்டர் வீட்டார் வரவில்லை.

நகலைக் கொடுத்த அன்று சாயங்காலம் நான் வரதன் சாரிடம் ஒன்று கேட்டேன். "சார், அச்சகக்காரர் கொடுத்த பணத்தை அவருக்குச் செலவு இல்லைன்னு அடிச்சோம். அதே பணத்தை இந்த அம்மாவுக்கு வருமானம்னு எடுத்தோம். இந்தப் பணத்தைக் கொடுக்கலைன்னா அவர் மனைவியும் வேலைக்கு வர முடியாது, நானும் வர முடியாது. அப்புறம் அது எப்படி சார் சொந்தச் செலவு?"

அவர் பேனாவை மூடினார். "நீங்க கேக்கறது நியாயம்தான்" என்றார். "சட்டத்திலே அதுக்கு இடம் இல்லை. இல்லைன்னு சொல்றப்போ எனக்கும் நன்னா இல்லை." அவ்வளவுதான். சமாதானமாக எதையும் சொல்லவில்லை. அதனாலேயே அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது. அடுத்த வருஷம் அவருக்கு மாற்றலாகி வடக்கே போய்விட்டார்.

உமா நான்கு வயதுவரை நேசம்மாளிடம் இருந்தாள். அதுவரை நேசம்மாள் என்னிடம் பேசவேயில்லை. மன்னிப்புக் கேட்க இரண்டு தடவை முயன்றேன். இரண்டு தடவையும் ஏதோ ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உமா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் அந்தச் சந்துக்கு நான் போவதும் நின்றது.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு நாள் காலை, ஆபீஸ் திறந்ததும் முதல் ஆளாக நேசம்மாள் வந்து நின்றாள். யாரும் நோட்டீஸ் அனுப்பவில்லை. பக்கத்துப் பகுதியையும் வாடகைக்கு எடுத்து, மூன்று பெண்களை வைத்துக்கொண்டு, முப்பது குழந்தைகளுக்கு மேல் பார்ப்பதாக யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். கையில் இரண்டு நோட்டு. ஒன்று பழைய மாதிரி. இன்னொன்றில் வரவும் செலவும் தேதி வாரியாக. புது ஆபீசர் பத்தே நிமிஷத்தில் பார்த்து முடித்தார். வரம்புக்கு மேலே கொஞ்சம். வரி பன்னிரண்டு ரூபாய்ச் சொச்சம். பாங்கில் கட்டுவதற்குச் சலான் எழுத என் மேஜைக்கு அனுப்பினார்.

எதிரில் வந்து உட்கார்ந்தாள். நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பெரிய சார் இப்போ இல்லியா?"

"மாற்றலாகிப் போயிட்டாருக்கா."

"இருந்தா நல்லா இருந்திருக்கும். கட்டாண்டாம்னு சொன்ன மனுசன்ட்ட, இப்போ கட்டுதேன்னு சொல்லணும்னாக்கும் வந்தேன்."

சலானை நீட்டினேன். வாங்கி, எழுத்துக்கூட்டி முழுவதும் படித்து, நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். எழுந்தவள் போகாமல் நின்றாள். மேஜைக்குப் பின்னால் எவ்வளவு ஒடுங்கி உட்கார்ந்தாலும் என் வயிறு மறைகிற நிலையில் இல்லை.

"எத்தனை மாசம்?"

"ஆறுக்கா."

"உமா எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. உங்களைக் கேப்பா."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். வாசல்வரை போனாள். பியூன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். அங்கிருந்தே திரும்பி, ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"பிள்ளைக்குத் தலை நின்னதும் இஞ்ச கொண்டா. மாசம் இருபத்தஞ்சு. இப்போ ரசீது எல்லாம் உண்டு, கேட்டியா."